குகனின் பையில் கூடிய தொளாயிரம் கிராம்

கப்பலுக்கு ஆள் அனுப்பும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உபயோகமாக எதையாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். உபயோகமாக எழுத எனக்கு வராது, உள்ளதை எழுத வரும். இருபத்தேழு வருடம் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி ஒபிசில், தராசுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான். அந்த நாற்காலியில் இருந்தவளுக்கு மனிதரின் முகத்தைப் பார்த்து நம்புகிற பழக்கம் மெல்ல மெல்லப் போய்விடும். எனக்குப் போய்விட்டது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஒரே ஒரு தடவை வெட்கப்பட்டேன், அதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் எங்கள் வேலை என்னவென்று சொல்லவேண்டும். உலகத்தின் தென்கோடியில் பனிக்கட்டியைப் பார்க்க வெள்ளைக்காரரை ஏற்றிப் போகும் கப்பல்களுக்கு நாங்கள் சமையல்காரர், சலவைக்காரர், அறை துப்புரவு செய்பவர்களை அனுப்பினோம். ஊரில் அதற்கு ஐஸ் கப்பல் என்று பெயர். எங்கள் ஒபிசில் பைகளைக் கட்டி, அறைப் பூட்டின் திறப்பை வைத்திருந்த சோமபால இதை முதல் தடவை கேட்டபோது நம்பவில்லை. மட்டக்குளியில் மீன் லொறிக்குப் பின்னால் நின்றால் வேண்டிய அளவு ஐஸ் பார்க்கலாமே, அதற்கு ஏன் கப்பல் என்று சிரித்தார். சோமபால சிங்களவர், ஐம்பதைத் தாண்டியவர், கொட்டாஞ்சேனையிலேயே வளர்ந்ததால் எங்களைப் போலத் தமிழ் கதைப்பார். இந்தக் கதை நடந்தபோது எங்கள் ஒபிசில் பதினொரு வருடமாக இருந்தார்.

கொழும்பிலிருந்து பெரிய விமானத்தில் ஏறி, ஐரோப்பாவில் மாறி, அர்ஜென்டினாவின் தலைநகரில் இறங்கவேண்டும். அங்கிருந்து தென்கோடித் துறைமுகத்துக்குக் கப்பல் கம்பனி தனியாக வாடகைக்கு எடுத்த சின்ன விமானம் போகும். பெரிய விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ கொண்டுபோகலாம். சின்ன விமானத்தில் பதினைந்து கிலோதான். பதினைந்துக்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் பை நிற்கும், அல்லது ஆள் நிற்பான். அந்த விமானம் ஒரு தடவைதான் பறக்கும். கப்பல் அன்று பின்னேரமே வெளிக்கிட்டுவிடும்.

எங்கள் ஆட்களைக் கெடுத்தது அந்த முப்பதுக்கும் பதினைந்துக்கும் இடையில் கிடந்த பதினைந்து கிலோ. கொழும்பில் தமிழர் நெருங்கி வாழும் வெள்ளவத்தையில் ஒருவன் பறக்கப்போகிறான் என்று தெரிந்தால் போதும், டிக்கெட் வர முன்னமே பார்சல் வந்துவிடும். பாரிஸில் இருக்கும் அண்ணாவுக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள், சுவிஸில் இருக்கும் மச்சாளுக்குப் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, இன்னும் யாருக்கோ பனங்கட்டி. வழியில் இரண்டு மணித்தியாலம் நிற்பீர்தானே தம்பி, அவர் எயார்போர்ட்டுக்கு வந்து வாங்குவார் என்பார்கள். கொழும்பில் கொடுத்த பை வழியில் கைக்கு வராது, கடைசி ஊரில்தான் வரும் என்பதை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது. எங்கள் முதல் குழுவில் போன ஒருவர் ஆறு கிலோ மிளகாய்த்தூளோடு உலகத்தின் அந்தத்தில் போய் நின்றார். பாரத்தைக் குறை என்றிருக்கிறார்கள். அவர் தன் காற்சட்டைகளையும் சப்பாத்தையும் எறிந்துவிட்டு மிளகாய்த்தூளோடு கப்பலேறினார். பிறகு ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டதற்கு, காற்சட்டை என்னுடையது, தூள் மற்றவர் நம்பித் தந்தது என்றார். ஏழு மாதம் யாரோ ஒரு மாலுமியின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் எல்லோரும் பையைக் கொண்டுவர வேண்டும். நான் திறந்து அடிவரை கையை விட்டுப் பார்ப்பேன். நிறுத்து, பாரத்தைச் சீட்டில் எழுதிக் கட்டுவேன். சோமபால பிசின் நாடா சுற்றி ஒட்டுவார். பை இரவு ஒபிசிலேயே, பூட்டிய அறையில் இருக்கும். மறுநாள் காலை திரும்ப நிறுத்துவிட்டுத்தான் விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏற்றுவோம். பையை வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தால் வெள்ளவத்தை அதை நிரப்பிவிடும். என்னைப் பற்றி அந்த லேன்களில் என்ன கதைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும், எழுதக்கூடியதாக ஒன்றுமில்லை.

பையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்ற கர்வமும் எனக்கு வந்திருந்தது. பை மிகவும் லேசாக இருந்தால் அவன் கப்பல்வரை போக நினைக்கவில்லை, ஐரோப்பாவில் இறங்கி ஓடப்போகிறான். அடியில் கல்விச் சான்றிதழும் கலியாண அல்பமும் கிடந்தாலும் ஓடத்தான் போகிறான். ஒருவன் ஓடினால் கம்பனி அடுத்த குழுவை எங்களிடம் கேட்காது, பின்னால் நிற்கிற பத்துப் பேரின் வேலை போகும். அதனால் சந்தேகப்படுவது என் வேலையாகவே இருந்தது. நீங்களும் சந்தேகப்படத்தான் வேண்டும். நான் சொல்லப்போவது அதற்கு எதிரான கதை இல்லை.

தொண்ணூறுகளில், யுத்த காலத்தில் ஒரு கிழமை. நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. அப்படியான கிழமைகளில் கொழும்பில் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களில் வயது வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருப்பவரின் மடியில் பார்சல் இருந்தால் எழும்பிப் போய் முன்னால் நிற்பார்கள். வெள்ளவத்தை லொட்ஜுகளில் பொலிஸ் ஏறி, யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருந்த இளைஞர்களை இறக்கிக்கொண்டு போனது. எங்கள் ஒபிஸ் லேனின் இரண்டு முனையிலும் சோதனைச்சாவடி. முதலாளி வெளிநாட்டில் இருந்தார். ஆறு பேரை மறுநாள் விமானம் ஏற்றவேண்டிய பொறுப்பு என் தலையில் இருந்தது.

அந்த ஆறு பேரில் ஒருவன் குகன். இருபத்தாறு வயது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மூன்று வருடமாக வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைத்துக்கொண்டு லொட்ஜில் இருந்தவன். முதல் நாள் பின்னேரம் அவனுடைய பையை நிறுத்தேன். பதினான்கு கிலோ நூறு கிராம். அடிவரை பார்த்தேன். இரண்டு காற்சட்டை, சேர்ட்டுகள், சமையல் உடுப்பு, சமையல் கத்தி உறை, ஒரு சாமிப் படம், கனமான ஒரு சோடிச் சப்பாத்து. குளிருக்கு என்று ஒரு துண்டுத் துணி இல்லை. மற்ற ஐந்து பேரும் புறக்கோட்டை நடைபாதையில் பழைய கோட்டுகள் வாங்கி வைத்திருந்தார்கள். கப்பலில் ஏறினால் கம்பனி ஜக்கெட் கொடுக்கும், ஏறும்வரைக்கும் குளிரத்தானே செய்யும்? என்னுடைய மண்டை உடனே வேலை செய்தது. குளிர் உடுப்பு வாங்காதவன் குளிர் இடத்துக்குப் போக நினைக்கவில்லை. இதை நான் மனதுக்குள் வைத்திருக்கவில்லை. இவருக்குக் கப்பல்வரை போகிற எண்ணம் இருக்கிறதோ தெரியாது, இன்னும் தொளாயிரம் கிராம் இடம் கிடக்கிறது, ஒரு சுவெட்டர்கூட இல்லை என்று பக்கத்தில் நாடாவோடு நின்ற சோமபாலவிடம் சத்தமாகவே சொன்னேன். குகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாங்க நேரம் கிடைக்கவில்லை என்றான். நான் சரி என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணி. வான் பத்து மணிக்கு வெளிக்கிட வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகிற வழியில் எத்தனை இடத்தில் மறிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பையாகத் தராசில் வைத்தேன். முதல் மூன்றும் சீட்டில் எழுதியிருந்த அதே பாரம். நான்காவது குகனுடையது. முள் பதினைந்தில் போய் நின்றது. தராசைத் தட்டிவிட்டுத் திரும்ப வைத்தேன். பதினைந்து. சீட்டில் என்னுடைய கையெழுத்தில் பதினான்கு கிலோ நூறு கிராம் என்று இருந்தது.

பூட்டிய அறையில், நாடா ஒட்டிய பைக்குள் இரவோடு இரவாகத் தொளாயிரம் கிராம் ஏறியிருக்கிறது. வேறு காலத்தில் என்றால் யாரோ மாமி ஒருத்தி மிளகாய்த்தூளைத் திணித்துவிட்டாள் என்று திட்டிக்கொண்டு திறந்திருப்பேன். அந்தக் கிழமையில் தொளாயிரம் கிராம் என்றால் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. என் கை தராசில் இருந்து தானாகவே விலகியது. வெளியே சொன்னால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் பைக்குள் என்ன இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஆறு பேரும் உள்ளே போவார்கள். சொல்லாமல் வானில் ஏற்றினால், அது நான் பயந்த பொருளாக இருந்தால், விமானத்தில் இருக்கிற எல்லோருக்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும்.

குகனைப் பலகை மறைப்புக்குப் பின்னால் இருந்த என் அறைக்குக் கூப்பிட்டேன். நேற்றுப் பின்னேரம் திரும்ப இங்கே வந்தீரா என்று கேட்டேன். இல்லை என்றான். இரவு எங்கே படுத்தீர் என்றேன்.

"லொட்ஜிலதான் படுத்தனான் அக்கா."

அது பொய். அவன் இருந்த லொட்ஜை முதல் நாள் பின்னேரமே பொலிஸ் சுற்றி வளைத்தது, அதே லேனில்தான் என் வீடு. அங்கே படுத்திருந்தால் அவன் இப்போது என் முன்னால் நிற்கமாட்டான். அதைச் சொன்னேன். எங்கே படுத்தீர் என்று திரும்பக் கேட்டேன். ஒரு இடத்தில் படுத்தேன், அதைச் சொல்லமாட்டேன் என்றான். பொய் சொல்கிறவனின் பை, அதுவும் பாரம் கூடிய பை. இதைவிட வேறு என்ன வேண்டும்?

பையை அவன் கையாலேயே திறக்கச் சொன்னேன். நான் வாசலுக்குப் பக்கத்தில் நின்றேன், மறைக்காமல் சொல்கிறேன், ஓடுவதற்கு வசதியாகத்தான் நின்றேன். அவன் நாடாவைக் கிழித்து மேல் உடுப்புகளை எடுத்து வைத்தான். மூன்றாவது சேர்ட்டுக்குக் கீழே கை நின்றது. இழுத்து எடுத்தான். கம்பளி ஜேர்சி. கடும் பச்சை. தோளிலும் முழங்கையிலும் அதே பச்சையில் துணி வைத்துத் தைத்தது. இராணுவ ஜேர்சி.

இப்போது உள்ளவர்களுக்கு அது ஒரு பழைய உடுப்பு. அன்றைக்கு யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவனின் பையில் இராணுவ உடுப்பு இருந்தால், அதை வைத்துக்கொண்டு எங்கே நுழையப் பார்த்தாய், யாரைக் கொன்று எடுத்தாய் என்ற கேள்விகளுக்கு வருடக்கணக்கில் சிறையில் இருந்து பதில் சொல்லவேண்டும். குகன் அதைக் கீழே போட்டான். பின்னால் போய், சுவர் முதுகில் முட்டும்வரை போய் நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை.

"இது என்ர இல்லை அக்கா. அம்மாவாண இது என்ர இல்லை."

அந்த முகத்தை நான் நம்பினேன். முகத்தை நம்பாதவள் என்று தொடக்கத்தில் எழுதினேன், இந்த ஒரு முகத்தை நம்பினேன். அப்படியானால் வைத்தது யார்? அறைத் திறப்பு ஒருவரிடம்தான் இருந்தது. நாடாவும் அவரிடம்தான் இருந்தது.

ஜேர்சியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சோமபாலவைக் கூப்பிட்டேன். மற்ற ஐந்து பேரும் நின்றார்கள். அவர்கள் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை, ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. இல்லை, ஆத்திரம் என்று சொல்லி நான் தப்பக்கூடாது. பதினொரு வருடம் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்த மனிதர் ஒரே நொடியில் எனக்குச் சிங்களவர் ஆகிவிட்டார், அதுதான் உண்மை.

"இந்தப் பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கத்தானே இதை வைச்சனீங்கள்?"

சோமபால ஜேர்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் தணிந்த குரலில், மிஸ்தானே சொன்னீங்க, மல்லிக்கிட்ட குளிருக்கு ஒண்டும் இல்ல, தொளாயிரம் கிராம் இடம் இருக்கு எண்டு, அது சும்மாதானே போகுது என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. விடியப்புறம் சேர்ட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்து வைத்ததாகவும், பிறகு தராசில் போட்டுப் பார்த்ததாகவும், சரியாகப் பதினைந்து இருந்ததாகவும் சொன்னார். அளவு தாண்டவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்ததுபோலத் தெரிந்தது. ஒரு தமிழ் இளைஞனுக்கு அந்த உடுப்பு என்ன செய்யும் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அது அவருடைய பிழை. குளிர் என்றால் கம்பளி என்பதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இங்கேதான் நான் பிழை விட்டேன். அப்போது எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று, இதைத் தவிர வேறு ஏதாவது பைக்குள் வைத்தீர்களா என்பது. அதைக் கேட்டு, பையைத் திரும்ப ஒருதரம் கவிழ்த்துப் பார்த்து, ஜேர்சியை ஒழித்துவிட்டு, வானை அனுப்பியிருந்தால் என் வேலை முடிந்தது. நான் அத்தோடு விடவில்லை. சோமபாலவை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு, குகனை வெளியே போகச் சொல்லி, இராணுவ ஜேர்சி உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. திரும்பக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சந்தேகக்காரிக்கு மௌனத்தைக் கண்டால் பொறுக்காது. நான் ரெலிபோனைக் கையில் எடுத்தேன். பொலிசுக்கு எடுக்கப்போகிறேன் என்றேன். அது வெறும் பயமுறுத்தல். ஆறு தமிழ் இளைஞர்களை ஒபிசில் வைத்துக்கொண்டு அந்தக் கிழமையில் எந்தத் தமிழச்சி பொலிசுக்கு எடுப்பாள்? ஆனால் சோமபால நம்பிவிட்டார். ரெலிபோனின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"பொலிஸ் வேணாம் மிஸ். மகன் வீட்டில இருக்கிறான்."

அவருடைய மகன் இராணுவத்தில் இருந்தது எனக்குத் தெரியும். லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை என்பது தெரியாது. நாலு மாதமாக மட்டக்குளி வீட்டுத் தொடரில் உள்ளறையில் ஒளிந்திருக்கிறான். பகலில் இருமக்கூட மாட்டான். சீருடையைக் கிழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பில் போட்டுவிட்டார்கள். ஜேர்சியை எரிக்க முடியவில்லை, கம்பளி எரிந்தால் மயிர் பொசுங்குகிற மணம் பக்கத்து வீடுகளுக்குப் போகும். குப்பையில் போடப் பயம், கால்வாயில் போடப் பயம். அரிசிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அப்படியிருக்க, உலகத்தின் அந்தத்துக்குப் போகிற ஒரு பையில் சரியாகத் தொளாயிரம் கிராம் இடம் கிடக்கிறதென்று நான் சொன்னேன்.

நான் விடவில்லை. குளிருக்காக வைத்தீர்களா, ஒளிப்பதற்காக வைத்தீர்களா என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும்தான் மிஸ்."

இருபத்தேழு வருடத்தில் என் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களில் இதைப் போல உண்மையான பதில் வேறில்லை. அதைக் கேட்டபின் எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் முன்னால் நிற்கக் கூசியது.

மணி எட்டு நாற்பது. ஜேர்சியை ஒபிசில் வைக்கமுடியாது, லேனுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. குகனையும் உள்ளே கூப்பிட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். தோள் துணி, முழங்கைத் துணி, கழுத்து அடையாளத் துண்டு எல்லாவற்றையும் வெட்டினேன். தேத்தண்ணீர் அடுப்பில் சோமபால அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு எரித்தார். மணம் போக நான் சாம்பிராணி போட்டேன். எங்கள் ஒபிசில் வெள்ளிக்கிழமைதான் சாம்பிராணி போடுவது, அன்று செவ்வாய், ஒருவரும் கேட்கவில்லை. மிச்சம் கம்பளிப் பின்னல். தையலைப் பிரித்து நான் முன் பின் பாகங்களையும், ஆளுக்கொரு கையை அவர்கள் இருவரும் எடுத்து, நூலின் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினோம். பின்னல் உருவ உருவ நூலாக வந்தது. ஒரு மணித்தியாலம் மூன்று பேரும் நிலத்தில் இருந்து நூல் சுற்றினோம். குகன் சோமபாலவைப் பார்க்கவில்லை, சோமபால என்னைப் பார்க்கவில்லை. கீழே வான்காரர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.

கடைசியில் நாலு பெரிய பச்சை நூல் உருண்டைகள். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். குகன் கையை நீட்டினான். அக்கா, அங்க குளிர்தானே, நானே கொண்டு போறன் என்றான். பின்னத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, சேர்ட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன் என்றான். சோமபால எழும்பிப்போய் நாடாவை எடுத்து வந்தார். திரும்ப நிறுத்தேன், பதினான்கு கிலோ எழுநூறு. புதுச் சீட்டு எழுதிக் கட்டினேன்.

கட்டுநாயக்கவில் குகனைத் தனியாக எடுத்திருக்கிறார்கள். பையைக் கவிழ்த்துக் கொட்டி, நூல் உருண்டைகளை அமத்தி, ஒன்றைக் குத்திக்கூடப் பார்த்திருக்கிறார்கள். ஆம்பிளைக்கு எதற்கு நூல் என்று ஒரு பெண் அதிகாரி கேட்டாராம். ஐஸ் கப்பலுக்குப் போகிறேன் என்றிருக்கிறான், அவர்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். நாலு நாளில் கம்பனியிலிருந்து ஃபக்ஸ் வந்தது, ஆறு பேரும் கப்பலேறிவிட்டார்கள். குகன் ஓடவில்லை, ஒப்பந்தம் முடியும்வரை வேலை செய்தான், அடுத்த வருடமும் போனான். அன்று இரவு எங்கே படுத்தான் என்பதை அவன் எனக்குக் கடைசிவரை சொல்லவேயில்லை. அவனை ஒளித்து வைத்தவர்கள் யாரோ, அவர்களுக்கு என்னால் ஒரு நாளும் ஆபத்து வந்திருக்க முடியாது. அவனுடைய வாயை அன்று நான் பொய்க்காரனின் வாய் என்று நினைத்தேன்.

மூன்று கிழமை கழிந்து சோமபால இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வழமைபோல வந்து ஒபிசைத் திறந்தார், தேத்தண்ணீர் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். மகனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். இராணுவப் பொலிஸ் வேறு வீடு எதையும் பார்க்கவில்லையாம். நேரே வந்து, நேரே உள்ளறைக்குப் போனார்களாம்.

"மிஸ் யாருக்கும் சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. என்னுடைய அவருக்குக்கூடச் சொல்லவில்லை. கடவுள்மேல் ஆணையாக இல்லை என்றேன். அந்த வீட்டுத் தொடரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என் அறையின் பலகை மறைப்பு எவ்வளவு மெல்லியது, வெளியே ஆறு பேர் நின்றார்கள், வான்காரர் மாடிக்கு வந்தாரோ தெரியாது என்று என்னென்னவோ சொன்னேன். எவ்வளவு சொன்னேனோ அவ்வளவுக்குப் பொய்போலக் கேட்டது, எனக்கே கேட்டது. பிடித்துக் கொடுக்க வைத்தாய் என்று அவரை ஊர் பார்க்கச் சொன்னவள் நான். ரெலிபோனைத் தூக்கியவளும் நான். அவருடைய இடத்தில் நான் இருந்தால் என்னை ஒரு நிமிடம்கூட நம்பியிருக்கமாட்டேன்.

"சரி மிஸ்" என்றார். தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை. ஆனால் பின்னேரம் போகும்போது திறப்பை என் மேசையில் வைத்துவிட்டுத்தான் போவார். நான் பக்கத்தில் நிற்காமல் ஒரு பைக்கும் நாடா ஒட்டமாட்டார். ஒட்டியபின் சீட்டில் என்னுடைய கையெழுத்தைக் கேட்பார். நான் தனியாகப் பைகளோடு நின்றால் அவரும் வந்து தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். பிடிபட்ட மகனைத் திரும்ப வடக்குக்கு, சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒபிசில் கணக்கெழுதுகிறவர் ஒருநாள் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தை அந்த அளவுக்காவது குறைத்திருந்தேன்.

பைக்குள் அடிவரை கையை விடுங்கள். இரண்டு தரம் நிறுங்கள். யாரையும் நம்பவேண்டாம், அது உங்கள் சம்பளத்தில் அடக்கம். ஆனால் உங்கள் அலுவலுக்குத் தேவையான கேள்வி எது என்று தெரிந்துகொண்டு, அதைக் கேட்டதும் வாயை மூடிவிடுங்கள். பயமுறுத்தி வாங்கிய இரகசியத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழியும் கிடையாது.

சோமபால வேலையை விட்ட நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும் வந்து, போயிட்டு வாறன் மிஸ் என்றார். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்க வாய்வரை வந்தது. அதைக் கேட்டால் அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். சந்தோஷமாகப் போயிட்டு வாங்கோ என்று மட்டும் சொன்னேன். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.